நெல் கிளறிய பாதர்

நான் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வெட்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. தவிட்டு மூடையைத் தலையில் சுமந்து கடை கடையாக விற்றுத் திரிந்தவன், இன்றைக்குக் கல்முனைப் பக்கத்தில் சொந்தமாக நெல் மில்லும் இரண்டு லொறியும் வைத்திருக்கிறேன். ஹஜ்ஜும் செய்துவிட்டேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து மேலே மேலே போனவர்கள் இப்போது ஓய்வூதியத்தில் வாங்கித் தின்பது என் மில் அரிசியைத்தான். ஆகவே நான் எழுதுவதில் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

இது ஒரு பாதரைப் பற்றிய கதை. இடைக்கிடை நானும் வருவேன். என்ன செய்வது, சம்பவம் நடந்த இடத்தில் நின்றது நான்தான்.

என் மில்லுக்குப் பின்னால், கடற்கரை வீதியில், கத்தோலிக்கரின் வேதக் கோயில் ஒன்று இருக்கிறது. சின்னக் கோயில். அதன் முற்றத்தில் மட்டும் ஊரிலேயே பெரிய கொங்கிரீட் தரை கிடக்கிறது. சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டுக்காரர் வந்து, பிள்ளைகள் மனக்கவலை தீரக் கரப்பந்து விளையாடட்டும் என்று போட்டுக் கொடுத்தது. தரையைப் போட்டார்கள், கோடு கீறினார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். அதில் யாரும் பந்து விளையாடி நான் பார்த்ததில்லை. ஆடுகள் படுத்திருக்கும்.

எனக்கோ இடம் போதாது. மாவடிப்பள்ளி வயல் வட்டையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் பெரும்போகத்து நெல் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். அவித்த நெல்லை வெயிலில் பரப்பிக் காயவிடாமல் மெஷினில் போட்டால் முழு அரிசி வராது, நொறுங்கிய குறுணல்தான் வரும். மில் முற்றம் நிறைந்துவிட்டால் மற்றவர்கள் நெல்லைத் தார் ரோட்டில் பரப்பி, பஸ்காரனிடம் ஏச்சு வாங்குவார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஆடு படுத்திருந்த அந்தத் தரையைப் பார்த்தேன். அதை நெல் காயும் களமாகப் பார்க்கிற கண் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் இந்தப் பாதர் புதிதாக மாறி வந்திருந்தார். மன்னார்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். மெலிந்த மனுசன், வெள்ளை அங்கி ஒரு பக்கம் கட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் தொங்கும். வாடகை பேசலாம் என்று போனேன்.

"பாதர், இந்தத் தரை சும்மாதானே கிடக்கி? நெல்லுக் காயப்போட்டா உங்களுக்கும் பிரயோசனம், எனக்கும் பிரயோசனம். வாடகை என்னண்டு சொல்லுங்க."

"போடுங்கோ ஹாஜியார். வாடகை வேண்டாம்."

"என்ன கதை இது? வாடகை இல்லாம எப்பிடி?"

"வெயிலுக்கு நான் வாடகை வாங்கேலுமே?"

வாடகை வாங்காத மனுசன் என்றால் எனக்குப் பயம். பின்னால் என்னத்தைக் கேட்பானோ என்று யோசனை ஓடும். நான் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு மூடை அரிசி கோயில் குசினிக்கு அனுப்பினேன். அதையும் அவர் வாசலில் வருகிறவர்களுக்குக் அள்ளிக் கொடுத்துவிட்டு, தான் பாணும் சம்பலும் தின்றார். சமையல் தெரியாது. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டுவிட்டு, அதையே முகம் சுளிக்காமல் குடித்து முடிக்கிற ஆள்.

நெல்லைக் காயப்போட்டால் மட்டும் போதாது. நேரத்துக்கு நேரம் வெறுங்காலோடு அதற்குள் நடந்து, காலால் உழுவதுபோலக் கிளறிவிட வேண்டும். அப்போதுதான் அடி நெல்லும் மேலே வந்து ஒரே பதமாகக் காயும். பாதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. உச்சி வெயிலில் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழுமாக நடப்பார். நெல் பரப்பிய பிறகு எங்கே நடப்பது என்று என்னிடம் வந்து கேட்டார்.

"நெல்லுக்குள்ளயே நடங்க பாதர்," என்றேன். "செருப்பக் கழத்திப் போட்டுட்டு, காலத் தூக்காம இழுத்து இழுத்து நடங்க. ஒரு வரி போனா அடுத்த வரி."

அவர் அப்படியே செய்தார். அவருக்குச் செபம் ஆயிற்று, எனக்கு நெல் கிளறியாயிற்று. கூலி இல்லை, தேத்தண்ணி இல்லை, பீடிக்கு நிற்பது இல்லை. என் சம்பளக்காரர்கள் கிளறினால் வரி பாம்பு போல வளையும். இவருடைய வரி நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். அல்லாஹ் என் வியாபாரத்தில் செய்த பறக்கத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசலில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. பேக்கரி வைத்திருக்கும் ஒருவர், தொழுகை முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஹாஜியார், சாமியார் மிதிச்ச நெல்லாமே? எங்களுக்கு அது ஆகுமா?"

"உங்கட வாப்பா மாடு மிதிச்ச நெல்லத் தின்டுதானே வளந்தாரு," என்றேன். "பாதர் என்ன, மாட்ட விடக் குறைஞ்சவரா?"

அவர் அதற்குப் பிறகும் என் அரிசியைத்தான் வாங்கினார்.

நல்ல கிளறல்காரன் கிடைத்துவிட்டான் என்று நான் இருக்கையில்தான் சங்கடம் தொடங்கியது. ஒருநாள் மதிலுக்கு மேலால் பார்க்கிறேன், பாதர் வரியின் நடுவில் நிற்கிறார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. செபமாலை அசையவில்லை. அவரைச் சுற்றிக் காகங்கள் கூட்டமாக இறங்கி என் நெல்லைக் கொத்துகின்றன.

"பாதர்! காகம்! காகத்தத் துரத்துங்க!"

அசைவில்லை. நான் மதிலேறிக் குதித்து, காகத்தைத் துரத்தி, அவருக்கு முன்னால் போய் நின்று, முகத்துக்கு நேரே கை தட்டினேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வலிப்பாக்கும், வாதமாக்கும் என்று பயந்து, தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வரும்போது அவர் ஒன்றும் நடக்காதவர் போல மற்றக் காலை இழுத்து நடந்துகொண்டிருந்தார். விட்ட இடத்திலிருந்து, அதே வரியில்.

பிறகு அவரே கதையைச் சொன்னார். சின்ன வயதிலேயே இது வருமாம். குருமடத்தில் படிக்கும்போது, தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் பைப் தண்ணீர் குசினியெல்லாம் ஓட அப்படியே நின்றுவிட்டாராம். பெரியவர்கள் கொழும்புக்கு அனுப்பித் தலையைப் படம் எடுத்தார்கள். வைத்தியர், "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உங்கள் ஆயரிடம் கேளுங்கள்," என்றாராம். ஆயர், "எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, வைத்தியரிடமே கேளுங்கள்," என்றாராம். இரண்டு பேருக்கும் இடையில் பந்தாக உருண்டு, ஒவ்வொரு கோயில் பங்காக மாறி மாறிக் கடைசியில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"அந்த நேரம் என்னதான் நடக்குது பாதர்?"

"முதல் சத்தமெல்லாம் நிண்டுபோகும் ஹாஜியார். பிறகு வெயில் இல்லை. பிறகு நானும் இல்லை."

"பிறகு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். "ஒண்டும் தெரியாம இரிக்கிறதுக்கா பாதர் இத்தின வருசம் படிச்ச? நான் நாலாம் வகுப்போடயே அந்த இடத்துக்கு வந்துட்டனே!"

அவரும் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். எங்கள் பக்கம் ஜின்னைப் பிடிக்கிறவனும், கனவில் இறைநேசர் அவுலியாவைக் கண்டவனும், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இல்லாத தாடியைத் தடவுவான். இவரைக் கிண்டல் பண்ணலாம். பண்ணினால் உப்புத் தேத்தண்ணியும் தருவார்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். "இவ்வளவு காலமும் அது நினைச்சாப்போல வரும், போகும். இஞ்ச, இந்த நெல்லுக்குள்ள நடக்கேக்க, ஒழுங்கா வருது. என்னை இஞ்ச இருந்து மாத்தாமல் விட்டாப் போதும் ஹாஜியார். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல."

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

என் ஆட்கள் எல்லோரும் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மில்லை நிறுத்திவிட்டு எல்லோரும் பள்ளிக்குப் போய்விடுவோம். அன்று காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது கடல் பக்கத்தால் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தரை நிறைய நெல் கிடக்கிறது, மூட ஆளில்லை. ஹதீப் அன்றைக்கென்று மறுமையைப் பற்றி நிதானமாகப் பேசுகிறார். எனக்கோ மறுமை மதிலுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

வீதியில் மதிலோரம் கொஞ்சச் சனம் நிற்கிறது. சிலர் முழந்தாளில். ஒருவன் குடையைக் கீழே போட்டுவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். மதில் என் தலையளவு உயரம். அதற்கு மேலால் பாதர் தெரிகிறார், தலை மட்டுமில்லை, முழங்கால் வரைக்கும். வெள்ளை அங்கி நனைந்து ஒட்டியிருக்க, இரண்டு கையையும் விரித்து, மழைக்குள் ஆடாமல் நிற்கிறார்.

"காத்தில நிக்காரு! சாமி காத்தில நிக்காரு!" என்று ஒரு பெண் கத்துகிறாள்.

நான் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். விசயம் ஒரு பார்வையில் விளங்கியது. மேகத்தைக் கண்டதும் மனுசன் தனியாக அவ்வளவு நெல்லையும் பலகையால் தள்ளிக் குவித்திருக்கிறார். குவியலுக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடியிருக்கிறார். காற்றுக்குப் படங்கு பறக்கப் பார்த்திருக்கிறது. பாரம் வைக்கக் கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தானே ஏறி நின்றுவிட்டார். விழாமல் இருக்கக் கையை விரித்திருக்கிறார். அந்த நிலையில்தான் அவருக்கு அது வந்துவிட்டது.

காற்றில் நிற்கவில்லை. என் நெல்லில்தான் நின்றார்.

"பாதர், இறங்குங்க," என்றேன். கேட்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். திறந்த கண்ணில் மழை நேரே விழுகிறது, இமை கொட்டவில்லை. பாதத்தைப் பிடித்து ஆட்டினேன். நான் அந்த மழையில் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாதம், வெயிலில் காய்ந்த நெல்லுக்குள் கை விட்டால் எப்படிச் சுடுமோ, அப்படிச் சுட்டது. கையை எடுத்துவிட்டேன். வெளியே யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. எனக்கு விளங்காத சரக்கை நான் விற்பதில்லை.

அன்று பின்னேரத்துக்குள் வீடியோ எல்லாப் போனிலும் ஓடியது. அதில் கால் தெரியவில்லை, மதில் மறைத்திருந்தது. கால் தெரியாதபடியால் கால் நிலத்தில் இல்லை என்று சனம் முடிவு கட்டிவிட்டது. மறுநாள் வான் வானாக வந்து இறங்கினார்கள். வேதக்காரர், சைவக்காரர், எங்கள் ஆட்களும் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். படங்கைத் தொட்டு முத்தமிட்டார்கள். என் நெல்லைப் பிடி பிடியாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா அவித்த நெல்லைப் பிள்ளையின் தலையில் தேய்த்தாள்.

"வயலில விதைச்சா நல்லா விளையுமா காக்கா?" என்று ஒருவர் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"அவிச்ச நெல்லு முளைச்சா," என்றேன், "அதுதான் தம்பி அற்புதம்."

கோயில் பங்குச் சபைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவு காலமும் "கோயில் முத்தத்தில நெல்லு என்னத்துக்கு" என்று முறைத்தவர், இப்போது மில்லுக்கே வந்து, கதிரையில் இருந்து, நான் கொடுத்த சோடாவையும் குடித்தார்.

"ஹாஜியார், ஆயர் இல்லத்தில இருந்து விசாரிக்க ஆள் வாறாங்க. கிட்டப் போய்க் கண்ட ஒரே ஆள் நீங்க. நீங்க வேற சமயம், உங்கட சொல்லுக்கு ஒரு மதிப்பிரிக்கு."

"அது எனக்குத் தெரியும்."

"மேல நிண்டார் எண்டு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லதானே? நெல்லுக் கதை அங்க தேவல்ல. இது பெரிய திருத்தலமா வரும். நீங்களும் பக்கத்தில கடை போடலாம்."

ஆளைப் பாருங்கள். எனக்கே வியாபாரம் படிப்பிக்கிறார்.

அவர் போன பிறகு பாதர் வந்தார். வீதியால் வரவில்லை, சனம் பிடித்துக்கொள்ளும் என்று மதிலேறி வந்தார், அங்கி கிழிந்திருந்தது.

"ஹாஜியார், அற்புதம் எண்டு எழுதினா என்னை எடுத்துக் கொண்டுபோய் எங்கேயாவது ஒரு மடத்தில பூட்டி வைச்சுப் பாப்பினம். பைத்தியம் எண்டு எழுதினாலும் அதுதான். இஞ்ச இருக்க விடமாட்டினம். நீங்க நெல்லைச் சொல்லிப்போடுங்கோ. நெல்லுக்கு மேல நிண்டவனை ஒருத்தரும் மாத்தமாட்டினம்."

"இதுக்கா பயந்தீங்க? நான் சொன்னா முடிஞ்சிது," என்றேன்.

அப்போது நான் அப்படித்தான் நம்பினேன். கல்முனைச் சந்தையில் என் வாய்ச் சொல்லுக்கு லொறி லொறியாக நெல் இறங்கும். ஒரு பாதரை இருந்த இடத்தில் இருக்க வைப்பது எனக்கு ஒரு வேலையா?

விசாரிக்க வந்தவர் ஒரு பெரிய பாதர். ரோமாபுரியில் படித்தவர் என்றார்கள். தடித்த கண்ணாடி, இஸ்திரி போட்ட அங்கி. கோயிலுக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டு என்னை அவருக்கு முன்னால் இருத்தினார்கள். தலைவர் மூலையில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"ஹாஜியார், நீங்கள் என்ன கண்டீர்கள்?"

"நெல்லுக் குவியலக் கண்டன் பாதர். அதுக்கு மேல படங்கு. படங்குக்கு மேல உங்கட பாதர்."

"காற்றில் நின்றதாகச் சொல்கிறார்களே?"

"கீழ நல்ல நெல்லு இரிக்கக்குள்ள அவர் ஏன் காத்தில நிக்கோணும்?"

பெரிய பாதர் சிரித்துவிட்டார். பேனையைக் கீழே வைத்தார். மூலையில் தலைவரின் முகம் குறுணலாகிவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்த நேரம் அவருக்குச் சுயநினைவு இருந்ததா?"

பாதம் சுட்டது என் உள்ளங்கைக்கு நினைவு வந்தது. "நெல்லு நனையல்ல," என்றேன். "நினைவில்லாதவன் குவிச்ச நெல்லெண்டா நனைஞ்சிரிக்கும்."

"நல்லது. மிக நல்லது." எழும்பப் போனவர், ஒரு மரியாதைக்குக் கேட்பதுபோலக் கேட்டார். "அது யாருடைய நெல்?"

"யார்ர நெல்லா? என்ட நெல்லுதான்! பாதர் வந்த காலம் தொட்டு, போகத்துக்குப் போகம் இங்கதான் காயுது. அவரே கிளறித் தருவார். இந்தத் தரையில காயிற நெல்லுப் போல இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் ஒரு நெல்லக் காட்ட ஏலா."

பெரிய பாதர் திரும்பவும் உட்கார்ந்தார். பேனையை எடுத்தார்.

"ஆலய முற்றத்தில், உங்கள் வியாபாரத்துக்கு?"

"ஓம்."

"குருவானவரே வேலை செய்து தந்தாரா?"

"செபம் சொல்லிச் சொல்லித்தான்."

"ஆயர் இல்லத்துக்கு அறிவிக்கப்பட்டதா?"

"நெல்லுக் காயிறதுக்கு வெயிலுக்கு அறிவிச்சாப் போதும் பாதர்."

இந்தப் பதிலுக்கு அவர் சிரிக்கவில்லை. அற்புதத்துக்கு அரை வரி எழுதிய மனுசன், நெல்லுக்கு முழுப் பக்கம் எழுதினார். எழுத எழுத அவருக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. வானத்தில் நிற்கிறவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது; கோயில் முற்றத்தைக் கேளாமல் கொடுத்தவனை என்ன செய்வது என்று நன்றாகத் தெரியும்.

அடுத்த மாதம் மாற்றல் வந்தது. கடிதத்தில் காரணம்: ஆலய வளாகத்தை உரிய அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்த இடமளித்தமை. அற்புதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பைத்தியத்தைப் பற்றியும் இல்லை. மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பங்கு.

"நான் உண்மையத்தானே சொன்னன்," என்றேன் பாதரிடம். இப்பவும் அதைத்தான் சொல்கிறேன். திரும்பக் கேட்டாலும் அதையே சொல்வேன். உண்மையைக் கேட்டு எழுதியவருக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அது என் குற்றமா?

"நல்லாத்தான் சொன்னீங்கள் ஹாஜியார்," என்றார். "கொஞ்சம் கூடுதலா நல்லாச் சொல்லிப்போட்டீங்கள்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுதான் முதல் தடவை.

முற்றத்தில் இப்போது கரப்பந்து வலை கட்டியிருக்கிறார்கள். புதிய பாதர் சுறுசுறுப்பானவர், கூட்டம் வைப்பார், பதாகை அடிப்பார். பந்து விளையாடத்தான் ஆளில்லை. ஆடுகள் வலைக்கு இரண்டு பக்கமும் படுத்திருக்கின்றன. நான் மில்லுக்குப் பின்னால் புதுக்களம் போட்டுவிட்டேன், கோயில் தரையை விடப் பெரிது. கிளறுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். வரி பாம்பு போல வளைகிறது.

போன சிறுபோகத்தில் பாதருக்குப் போன் எடுத்தேன். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அது வருதா பாதர்?"

"நடக்க இடம் நிறைய இருக்கு ஹாஜியார். காலுக்குக் கீழ ஒண்டும் இல்லை."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஊருக்கெல்லாம் பெருமையடிக்கிற மனிசன்தானே நீங்க. மரக்கறி ஏத்தப் போற உங்கட லொறி வெறுமையாத்தானே மலைக்கு ஏறுது?"

அவள் சொல்வதற்கு முன்பே நான் அதை நினைத்துவிட்டேன். இருந்தாலும் அவள் சொன்னதாகவே இருக்கட்டும்.

லொறியில் நெல் ஏற்றினேன். அரிசி அல்ல, நெல். அவித்தது, ஒரு அறைக்குப் பரப்பப் போதுமான அளவு. எதற்கு என்று டிரைவர் கேட்டான். காயப்போட என்றேன். மழையும் பனியும் பெய்கிற மலைக்குக் காயாத நெல்லை அனுப்புகிறாரே, ஹாஜியாருக்கு மூளை தட்டிவிட்டது என்று அவன் மில் முழுக்கச் சொல்லித் திரிந்தான். திரியட்டும்.

மறுநாள் பின்னேரம் பாதர் போன் எடுத்தார். நெல் வந்து சேர்ந்ததாம், தன் அறைக்குள்ளேயே பரப்பிவிட்டாராம். நன்றி சொல்லத் தொடங்கினார். நான் இடையில் மறித்து, ஒன்றை மட்டும் கேட்டேன்.

"ஆக்கள் வந்து பாக்காம இரிக்க, அந்த அறைக்கு உள்ளால பூட்டு இரிக்கா?"

"இருக்கு," என்றார்.